சொந்த வீட்டில் வாடகை சுவிட்ச்

புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? வாழ்த்துகள். சிமென்ட், கம்பி, எம்.சாண்ட் விலையில் நொந்து போயிருக்கும் உங்களிடம் இன்னொரு செலவைப் பற்றிப் பேச வருகிறேன். பயப்படாதீர்கள். இது செய்யவே கூடாத செலவு.

உங்கள் இன்டீரியர்காரர் இந்நேரம் ஆரம்பித்திருப்பார். 'சார், இப்பல்லாம் யார் சார் சுவிட்ச் வெக்கறாங்க? ஹால்ல ஒண்ணு, கிச்சன்ல ஒண்ணு, பெட்ரூமுக்கு ஒண்ணொண்ணு, டச் ஸ்கிரீன் பதிச்சிடலாம். லைட்டு, ஃபேனு, ஏ.சி., கேட்டு, கேமரா எல்லாம் அதுலயே. நீங்க ஆபீஸ்ல இருந்தே ஆஃப் பண்ணலாம்.'

சுவரில் காடி வெட்டி, பெட்டி புதைத்து, அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை உட்கார வைக்கிற வேலை இது. அதற்குப் பெயர் ஸ்மார்ட் ஹோம். 'வேண்டாங்க' என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் காட்ட இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சென்னை, பெங்களூரு பணக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்தால் நீங்கள் சமீபத்தில் திருப்பத்தூர் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். சிவகங்கைத் திருப்பத்தூர் இல்லை. ஜவ்வாது மலை அடிவாரத்துத் திருப்பத்தூர். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். பக்கத்து ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பெங்களூரு. பிள்ளையோ பெண்ணோ அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்க, அப்பாவும் அம்மாவும் ஊரில் நின்று வீடு கட்டுகிற குடும்பங்கள் இங்கே நிறைய. வயரிங் நடக்கும்போது வீடியோ காலில் பிள்ளை சொல்லும்: 'அப்பா, சாதாரண போர்டு வேணாம்பா. நான் ஆர்டர் பண்ணி அனுப்பறேன்.' அனுப்பியும் விடும். பாசம்தான். குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கப் போவது யார்? அறுபத்தைந்து வயது அப்பா, அறுபது வயது அம்மா. பிள்ளை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும். வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாள் அந்த ஸ்கிரீனோடு மல்லுக்கட்டப் போவது பெரியவர்கள் இரண்டு பேர்.

ராத்திரி இரண்டு மணி. அம்மாவுக்கு பாத்ரூம் போக வேண்டும். பழைய வீட்டில் இருட்டில் கையை நீட்டினால் சுவிட்ச் கிடைக்கும். கை பழகிய இடம். கண்ணாடி போட வேண்டாம், படிக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம். டக். விளக்கு. புது வீட்டில் ஸ்கிரீனைத் தொட்டு எழுப்ப வேண்டும். அது பளீரென்று முகத்தில் அடிக்கும். அதில் கட்டம் கட்டமாகப் படங்கள், ஆங்கிலத்தில் எழுத்துகள். 'பாத்ரூம்' எங்கே என்று தேட வேண்டும். மாவு பிசைந்த கை, ஈரக் கை, தோல் காய்ந்து போன விரல் என்றால் தொட்டாலும் சில நேரம் ஏற்காது. அந்தக் கால் நிமிடத் தடுமாற்றத்தில் வயதானவர்கள் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். நவீனம் என்று சொல்லிக்கொண்டு, கை அறியக் கூடிய ஒரு பொருளைக் கண் தேட வேண்டிய பொருளாக மாற்றியிருக்கிறோம்.

சரி, பழகிவிடும் என்கிறீர்கள். பழகட்டும். அடுத்த கணக்குக்கு வருவோம்.

நீங்கள் கட்டுகிற வீடு எத்தனை வருடம் நிற்க வேண்டும்? ஐம்பது? எழுபது? சுவருக்குள் போகும் நல்ல செப்புக் கம்பி முப்பது வருடம் தாராளமாக வரும். சுவிட்ச் போனால் தெருமுனைக் கடையில் வேறு வாங்கி, பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். இப்போது உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய போன்களை எண்ணிப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய எந்தப் போன் இன்று உருப்படியாக வேலை செய்கிறது? சுவரில் பதிக்கப் போவது அதே ஜாதிப் பொருள். அதே மாதிரி சிப், அதே மாதிரி திரை, அப்டேட் கேட்டு நச்சரிக்கும் அதே மாதிரி சாஃப்ட்வேர். போன் செத்தால் டிராயரில் போடலாம். சுவரில் இருப்பது செத்தால்? ஐம்பது வருட வீட்டில் ஐந்து வருடப் பொருளைப் புதைக்கிறோம்.

பொருள் சாவது ஒரு பக்கம். பொருள் நன்றாக இருக்கும்போதே கம்பெனி சாவது இன்னொரு பக்கம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக நடந்த கதைகள் சில.

ரிவால்வ் என்று அமெரிக்காவில் ஒரு பெட்டி விற்றார்கள். விலை சுமார் 300 டாலர். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் இணைக்கும். சேவை வாழ்நாள் முழுக்க இலவசம் என்றார்கள். 2014-ல் கூகுளின் நெஸ்ட் கம்பெனி அதை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை மூடியது. பெட்டி பழுதாகவில்லை, உடையவில்லை. வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. வாழ்நாள் என்று சொன்னது யாருடைய வாழ்நாளை என்று வாங்கியவர்கள் அப்போதுதான் புரிந்துகொண்டார்கள்.

2022 ஏப்ரல். இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. பணம் கொடுத்து வீடு முழுக்க அதன் சுவிட்ச்களைப் போட்டிருந்தவர்களின் போன் ஆப் செத்துப் போனது. பிறகு வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி உயிர்ப்பித்தார்கள். விளக்கு போடுவதற்காகக் கம்பெனியையே விலைக்கு வாங்க வேண்டிய நிலை!

பிரில்லியன்ட் என்ற கம்பெனியின் சரக்குதான் நம் விஷயத்துக்கு நேரானது. சுவர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டச் ஸ்கிரீன் பதிப்பதே அவர்கள் தொழில். புதுக் குடியிருப்புகளில் பில்டர்கள் மூலமாகவும் விற்றார்கள். 2024-ல் கையில் காசில்லாமல் போய், வாங்க ஆள் தேடியது. பிறகு வேறு முதலாளி கிடைத்தார். கிடைத்தது அதிர்ஷ்டம். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் ஹால் விளக்கு எரிவதற்கு, ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கம்பெனிக்கு முதலீடு கிடைக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும் நிலைமை உங்களுக்கு எதற்கு?

'அதெல்லாம் சின்னக் கம்பெனி சார், பெரிய கம்பெனியா பாத்து வாங்கினா போச்சு' என்பார் இன்டீரியர்காரர். கூகுளை விடப் பெரிய கம்பெனி வேண்டுமா? தன் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 2025 அக்டோபர் 25-ஆம் தேதியோடு கைகழுவியது கூகுள். சுவரில் வட்டமாக இன்னமும் இருக்கும். திருகினால் வேலை செய்யும். போனோடு இருந்த உறவு மட்டும் அறுந்தது. எந்த வசதிக்காகக் கூடுதல் விலை கொடுத்தார்களோ அந்த வசதி போய்விட்டது.

அதே 2025 அக்டோபரில், 20-ஆம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கம்ப்யூட்டர் மையங்களில் கோளாறு. உலகம் முழுக்க அலெக்சா ஊமையானது. ரிங் காலிங் பெல் கேமராக்கள் படுத்தன. இன்டர்நெட்டோடு இணைந்த கட்டில் வாங்கிய சிலர், சூட்டைக் குறைக்க முடியாமல் வியர்த்துக்கொண்டு கிடந்தார்கள். எங்கோ சர்வர் படுத்தால் இங்கே ஆள் படுக்க முடியவில்லை.

ஆகவே வாசகரே, வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கலாம். பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம். சுவிட்ச் மட்டும் வாடகை. ஓனர் எப்போது காலி செய்யச் சொல்வார் என்று தெரியாத வாடகை.

சரி, ரிப்பேர் ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

உங்கள் தெருவில் ஒரு எலக்ட்ரீஷியன் இருப்பார். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் சைக்கிள் டியூபும் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து மோட்டார், மிக்சி, ஃபேன் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்ப்பவர். உங்கள் வீட்டில் எந்த பைப் எங்கே போகிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டச் ஸ்கிரீனைப் பார்த்தால் அவர் சொல்லப் போவது ஒரே பதில்: 'சார், இதை நான் கை வெக்கல. கம்பெனிக்காரனையே கூப்பிடுங்க.' கம்பெனிக்காரன் பெங்களூருவில் இருப்பான். டிக்கெட் நம்பர் கொடுப்பான். 'ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பான். அதுவரை உங்கள் பெட்ரூம் விளக்கு எரிந்தால் எரிந்ததுதான், அணைந்தால் அணைந்ததுதான். உள்ளூரில் ஒருவர் பிழைப்பும் போச்சு, உங்கள் தைரியமும் போச்சு.

கரெண்ட் கணக்கையும் பாருங்கள். அணைந்திருப்பது போலத் தெரிந்தாலும் இந்த ஸ்கிரீன்கள் தூங்குவதில்லை. ஒன்று 5 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 24 மணி, இரண்டு மாதத்துக்கு 60 நாள். 7.2 யூனிட் ஆகிறது. நாலு ஸ்கிரீனுக்கு கிட்டத்தட்ட 29 யூனிட். இவை பேசிக்கொள்ள இரவு பகலாக எரியும் ரவுட்டருக்கு 10 வாட் என்றால் இன்னொரு 14 யூனிட். மொத்தம் 43. வீடுகளுக்கு 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது தமிழக அரசு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, சுவிட்ச்கள் சும்மா இருப்பதற்கே சாப்பிடும்! சாதாரண சுவிட்ச் சாப்பிடுவது பூஜ்யம்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்கிரீனுக்குக் காசு எடுத்து வைக்கும் அதே வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு சாதனம் உண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே போதும், கண் இமைப்பதற்குள் கரெண்டைத் துண்டித்துவிடும். வாஷிங் மெஷினிலோ கீசரிலோ கசிவு ஏற்பட்டால் உங்கள் மனைவியையும் குழந்தையையும் காப்பாற்றப் போவது அதுதான். 'அது எதுக்கு சார், அடிக்கடி ட்ரிப் ஆவும், தொல்லை' என்று சொல்லி அதைத் தவிர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 'சரி, மிச்சம்தானே' என்று தலையாட்டும் ஓனர்களும் இருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர் கண்ணில் ஆர்.சி.சி.பி. படாது. ஸ்கிரீன் படும். உயிர் காக்கும் பொருளுக்குக் கஞ்சத்தனம், ஊர் பார்க்கும் பொருளுக்குத் தாராளம். இதற்குப் பெயரா ஸ்மார்ட்?

அப்புறம், சுவருக்குக் காது முளைப்பது. நிறைய ஸ்கிரீன்களில் மைக் உண்டு. சிலவற்றில் கேமராவும் உண்டு. கம்பெனிகள் கண்ணியமானவை என்று நம்புகிறீர்களா? 2023-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அமேசான் மீது இரண்டு வழக்குகள் தொடுத்தது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக அலெக்சா மீது ஒன்று. பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளை ஊழியர் ஒருவர் பார்த்ததாக ரிங் கேமரா மீது ஒன்று. முதலாவதுக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர், இரண்டாவதுக்கு 58 லட்சம் டாலர் கட்டி வழக்குகளை முடித்துக்கொண்டது அமேசான். நம் நாட்டில் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆனது. நம் வேகம் அப்படி.

நாளைக்கு அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். குடிவந்தவர் வீட்டில் எப்போது விளக்கு அணைகிறது, யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்பதெல்லாம் ஓனரின் போனில் தெரியும். வீட்டை விற்றால் இன்னும் வேடிக்கை. சாவியோடு பாஸ்வேர்டையும் கைமாற்ற வேண்டும். மறந்துவிட்டால் புது ஓனரின் கேட் பழைய ஓனர் பேச்சைத்தான் கேட்கும்.

'இவர் ஒரு பழைய பஞ்சாங்கம். மாட்டு வண்டியில போகச் சொல்றார்' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அதற்குப் பதில் அதே திருப்பத்தூர் மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலை மேலேயே இருக்கிறது.

ஆலங்காயம் தாண்டிப் போனால் காவலூர். இருட்டான, தெளிவான வானம் தேடி விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1960-களின் கடைசியில் அங்கே வானாய்வு தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் விட்டக் கண்ணாடி கொண்ட டெலஸ்கோப் ஒன்றை நிறுவினார்கள். கிழக்கு ஜெர்மனியின் ஜேனா நகரத்து கார்ல் சைஸ் கம்பெனி செய்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது அதற்கான தடயத்தைப் பதிவு செய்த டெலஸ்கோப்களில் அதுவும் ஒன்று. 1990-ல் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே உலகப் படத்தில் இல்லாமல் போனது. காவலூரில் டெலஸ்கோப் நிற்கவில்லை. 2022-ல் அதற்குப் பொன்விழா கொண்டாடினார்கள்.

எப்படி முடிந்தது? செய்தவனிடம் அனுமதி கேட்காமல் நம் ஆட்களால் அதைத் திறக்க முடிந்தது. புகைப்படத் தகடு போய் எலெக்ட்ரானிக் கேமரா வந்தபோது முனையில் இருந்த கருவியை மட்டும் மாற்றினார்கள். கண்ணாடியும் இரும்பும் அப்படியே இருந்தன. நீண்ட நாள் உழைக்கும் பகுதி வேறு, சீக்கிரம் பழசாகும் பகுதி வேறு, இரண்டையும் ஒட்ட வைக்காதே என்பது பாடம். பக்கத்திலேயே 1986-ல், 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட இன்னும் பெரிய டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்து நிறுவி அதற்கு வைணு பாப்புவின் பெயரை வைத்தார்கள். டெக்னாலஜி என்றால் இது டெக்னாலஜி. திறக்க முடியாத, ரிப்பேர் பார்க்க முடியாத, தூரத்திலிருந்து ஒருவன் அணைத்துவிடக் கூடிய பொருளை வாங்கி மாட்டுவதற்கு விஞ்ஞான மனப்பான்மை தேவையில்லை. கிரெடிட் கார்டு போதும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படுக்கையில் கிடப்பவர்கள், கை கால் செயலிழந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள் குரலால் விளக்கு போடுவது பெரிய விடுதலை. அவர்களுக்கு அவசியம் வாங்கிக் கொடுங்கள். ஆனால் மேஜை மேல் வைக்கிற கருவியாக, ஒரு ஸ்மார்ட் பல்ப், ஒரு பிளக் என்று வாங்குங்கள். பழசானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். சுவரில் சுவிட்ச் சுவிட்சாகவே இருக்கட்டும்.

'இப்ப மேட்டர்னு பொதுவான ஸ்டாண்டர்டு வந்துடுச்சு சார், எந்தக் கம்பெனி பொருளும் எதோடயும் பேசும்' என்பார்கள். உண்மைதான். 2022-ல் வந்தது, நல்ல விஷயம். ஆனால் பொருள்கள் எந்த பாஷையில் பேச வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. எத்தனை வருடம் உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அதைச் சொல்ல வேண்டியது அரசாங்கம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இன்டர்நெட்டோடு இணைகிற வீட்டுப் பொருளை விற்பவர், குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவார் என்று வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. நம் மத்திய நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. இணையதளம் தொடங்குவதில் நம்மை யாரும் ஜெயிக்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி போட வைக்கத் தெரிந்த நாட்டில், சுவரில் பதிக்கும் பொருளின் பெட்டியிலும் 'இன்ன வருடம் வரை வேலை செய்யும்' என்று கொட்டை எழுத்தில் போட வைக்க முடியாதா?

அது நடக்கிற வரைக்கும் நீங்கள்தான் கேட்க வேண்டும். விற்க வருபவரிடம் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

1. இன்டர்நெட் இல்லாவிட்டால் எல்லா விளக்கும், எல்லா ஃபேனும் வேலை செய்யுமா?

2. இந்த ஸ்கிரீன் செத்தால், அதே பெட்டியில் சாதாரண சுவிட்ச் போட வயர் விட்டிருக்கிறீர்களா?

3. எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள்?

4. உங்கள் கம்பெனி மூடினால் என்ன ஆகும்?

5. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் இதைத் திறக்கலாமா? வயரிங் படம் கொடுப்பீர்களா?

6. மைக்கையும் கேமராவையும் நிரந்தரமாக அணைக்க நிஜமான பட்டன் இருக்கிறதா?

ஆறுக்கும் சரியான பதில் எழுத்தில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். பெரும்பாலும் முதல் இரண்டு கேள்விகளிலேயே 'ஆபீஸ்ல கேட்டு சொல்றேன் சார்' என்று அவர் எழுந்துவிடுவார்.

அவர் போனதும் அந்தப் பணத்தில் முதலில் ஆர்.சி.சி.பி. வாங்குங்கள். எர்த் குழி ஒழுங்காகப் போடுங்கள். மாடிப்படிக்கும் பெட்ரூமுக்கும் டூ-வே சுவிட்ச் வையுங்கள். அம்மா படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச். அவரையே ஒரு தடவை கட்டில் போடும் இடத்தில் உட்காரச் சொல்லி, கை நீட்டச் சொல்லி, சுவரில் சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டு அப்புறம் காடி வெட்டச் சொல்லுங்கள்.